பூட்ஸும் மயிற்பீலியும்

மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் போனால் சிதறால் மலை. கல்வெட்டில் திருச்சாரணத்து மலை. ஊர்க்காரர்கள் சொக்கன்தூங்கி மலை என்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், சமணம் இங்கே செழித்திருந்தது. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் இன்றும் நிற்கிறார்கள். பாம்புப் படத்தின் கீழே பார்சுவநாதர் நூலிழை இல்லாமல் நிற்கிறார். கல்லூரிப் பிள்ளைகள் அவர் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொள்கிறார்கள். கல் அம்மணமாக நின்றால் யாருக்கும் கூச்சமில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஏற்றத்தில் எதிரே வந்தது அதே கோலத்தில் உயிருள்ள ஒரு முனிவராக இருந்திருக்கலாம். மலைவழியில் உடையில்லாத ஒருவரை எதிர்கொள்வது என்னும் சங்கதி குமரி மாவட்டத்துக்கு வெளியூர்ச் சரக்கல்ல.

இன்று ஐரோப்பாவில் ஆடையின்றி நெடுவழி நடப்பது ஒரு பொழுதுபோக்கு, சிலருக்குக் கொள்கை. அங்கே இதற்காக அதிகம் பேசப்பட்டவர் ஸ்டீபன் காஃப். பிரிட்டிஷ் கடற்படையின் மரைன் வீரராக இருந்தவர். 2003 ஜூனில் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டில் புறப்பட்டு, ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அருகிலுள்ள ஜான் ஓ'குரோட்ஸை 2004 ஜனவரியில் அடைந்தார். வழிநெடுகப் பிடிபட்டும் விடுபட்டும் நடந்த நடை அது. அவர் உடம்பில் இருந்தவை பூட்ஸ், காலுறை, முதுகுப்பை, தொப்பி.

சமணத்தில் ஆடை துறக்கும் திகம்பர முனிவரிடம் இருப்பது மயிற்பீலியும் கமண்டலமும். கால் வெறுங்கால். பீலி அலங்காரத்துக்கல்ல, உட்காரும் இடத்தில் எறும்பு இருந்தால் நோகாமல் ஒதுக்குவதற்கு. கமண்டலத்து நீர் சுத்தம் செய்துகொள்ள. ஒரு நாளைக்கு ஒரு வேளை, நின்றபடி, கையிலேயே வாங்கி உண்ண வேண்டும். தலைமயிரைக் கையால் பறிக்க வேண்டும். மழைக்கால நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும், நடந்தால் பூச்சி புழு மிதிபடும் என்பதால். இப்படிப் பல விதிகள்; அவற்றில் அடிப்படையான மூல குணங்கள் மட்டும் இருபத்தெட்டு. ஆடையின்மை அந்த இருபத்தெட்டில் ஒன்று.

இருவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்தச் சாமான்களே சொல்லிவிடுகின்றன. காஃபிடம் எல்லாம் இருக்கிறது, துணி மட்டும் இல்லை. முனிவரிடம் எதுவும் இல்லை, அந்த வரிசையில் துணியும் இல்லை. காஃப் உடையைக் கழற்றியது, உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை தனக்கே உண்டு என்று காட்ட. முனிவர் கழற்றியது, தனக்கென்று எதுவும் வேண்டாம் என்று காட்ட. ஒருவர் கேட்கிறார், மற்றவர் விடுகிறார். எதிரே வருகிறவருக்கு இது பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடுகிறது என்றே நினைக்கிறேன். முகம் சுளிப்பதா, கை குவிப்பதா என்பது அந்த நொடியிலேயே முடிவாகிவிடுகிறது.

கை குவித்தவர்கள் மட்டுமே தமிழ்நாட்டில் இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. சம்பந்தரும் அப்பரும் சமண முனிவரின் அம்மணத்தையும் மயிர் பறிப்பையும் நின்று உண்பதையும் விடாமல் கேலி செய்தவர்கள். அப்பராவது தருமசேனர் என்ற பெயரில் அந்தப் பக்கம் இருந்துவிட்டு வந்தவர். உள்ளே இருந்து பார்த்தவரின் கேலி அது. இன்றும் அந்தக் கேலி தீர்ந்துவிடவில்லை. 2016 ஆகஸ்டில் தருண் சாகர் முனிவர் ஹரியாணா சட்டமன்றத்தில் ஆடையின்றி அமர்ந்து உரையாற்றினார். அதைக் கிண்டல் செய்த பாடகர் விஷால் தத்லானி பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2020 நவம்பரில், நடிகர் மிலிந்த் சோமன் தன் 55ஆம் பிறந்தநாளில் கோவா கடற்கரையில் ஆடையின்றி ஓடும் படத்தை வெளியிட்டார். போலீஸ் ஆபாச வழக்குப் போட்டது. ஒரே நாடு, ஒரே தண்டனைச் சட்டம், இரண்டு உடம்புகள்.

காஃபின் கதை இதைவிடக் கசப்பானது. இங்கிலாந்தில் அம்மணமாக இருப்பது தன்னளவில் குற்றமல்ல. பிறரைக் கலவரப்படுத்தும் நோக்கம் இருந்ததா என்பதே கேள்வி. ஸ்காட்லாந்தில் பொது அமைதிக்குப் பங்கம் என்ற குற்றச்சாட்டு அவரை வளைத்தது. நீதிமன்றத்திலும் உடை அணிய மறுத்தார். சிறையிலிருந்து வெளியே விடுவார்கள்; வாசலில் உடையில்லாமல் நிற்பார்; மறுபடி கைது. 2006 முதல் 2012 வரை பெரும்பகுதி இப்படியே உள்ளே கழிந்தது. 2014 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அம்மணமும் ஒருவகைக் கருத்து வெளிப்பாடுதான் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனாலும் அரசு தலையிட்டதில் தவறில்லை என்றது. தன் உடம்பைத் தவிர வேறு யாரையும் தொடாத ஒரு மனிதனை இத்தனை காலம் பூட்டி வைத்தது அளவுக்கு மீறிய தண்டனை என்பதே என் கட்சி. அதே சமயம், எதிரே குழந்தையோடு வரும் தாய்க்கு வேறு வழியே விடாத பிடிவாதம் அவருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எதிரே வருகிறவர் பக்கத்திலிருந்து இதைப் பார்த்த ஊர் சுவிட்சர்லாந்தின் அப்பன்செல். ஜெர்மானிய நடையர்கள் அதன் மலைப்பாதைகளில் ஆடையின்றி நடக்கத் தொடங்கியதும், 2009 ஏப்ரலில் அப்பன்செல் இன்னர்ரோடன் மாநில மக்கள் திறந்தவெளியில் கூடிக் கை தூக்கித் தடை போட்டார்கள். மீறினால் 200 பிராங்க். (பெண்களுக்கு ஓட்டுரிமை தர 1990இல் உச்ச நீதிமன்றம் தலையிடும்வரை அடம்பிடித்த ஊரும் அதுதான்.) பக்கத்து மாநிலமான அவுசர்ரோடனில், குடும்பமாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக் கடந்து அம்மணமாக நடந்த ஒருவருக்குப் போட்ட 100 பிராங்க் அபராதத்தை 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் வேறு வழி கண்டார்கள். டாங்கரோடே ஊருக்கும் விப்ரா அணைக்கும் இடையே சுமார் 18 கிலோமீட்டர் பாதையை 2010இல் இதற்கென்றே திறந்து, தொடக்கத்தில் பலகை வைத்தார்கள்: அம்மணமானவர்களைப் பார்க்க விருப்பமில்லையென்றால் இதற்கு மேல் போக வேண்டாம். எனக்குத் தெரிந்தவரை நாணயமான ஏற்பாடு இதுதான். நடப்பவருக்கும் எதிரே வருபவருக்கும் இதில் சமமான தேர்வு இருக்கிறது.

அந்தப் பலகையைச் சிதறாலிலோ மருந்துவாழ்மலையிலோ நட முடியுமா? முடியாது. வெறும் கூச்சம் அதற்குக் காரணமில்லை. இந்த மண்ணில் உடம்பை மூடுவதற்கும் திறப்பதற்கும் இருந்த கணக்கே வேறு. திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் உள்ளிட்ட சாதிப் பெண்கள் மார்பை மூடக்கூடாது என்பது கட்டளை. மூடியவர்களின் தோள்சீலை கடைத்தெருவில் கிழிக்கப்பட்டது. 1820களிலும் 1858–59இலும் கலவரங்கள். 1859 ஜூலை 26இல்தான் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று உத்திரம் திருநாள் மகாராஜா அறிவிப்பு வெளியிட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு முடிச்சுப் போட்டார். வழியில் மூடாத உடம்போடு நடப்பது இங்கே விடுதலையாக இருந்ததில்லை, தண்டனையாக இருந்தது. அந்தப் பெண்களின் பேத்திகளிடம் போய் உடையைக் களைவதே சுதந்திரம் என்று சொன்னால் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். மறுபக்கம், சுசீந்திரம் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் இன்றும் உள்ளே போகிறார்கள். கழற்றினாலும் உடுத்தினாலும், யாருக்கு முன்னால், யார் சொல்லி என்பதுதான் இங்கே கேள்வி.

விதிவிலக்கு ஒருவர் இருந்தார், மாயி அம்மா. கன்னியாகுமரிக் கடற்கரையில் பெரும்பாலும் ஆடையின்றி, நாய்கள் சூழ, கடலில் இறங்குவதும் குப்பையைக் கூட்டி எரிப்பதுமாகப் பல பத்தாண்டுகள் திரிந்தவர். 1992இல் சேலத்தில் மறைந்தார். அவர் தம் கடைக்குள் வந்து கைபட எதையாவது எடுத்துக்கொண்டால் அன்று வியாபாரம் நன்றாக நடக்கும் என்று கடைக்காரர்கள் நம்பினார்கள். யாரும் போலீசைக் கூப்பிடவில்லை. சமண நெறியில் பெண் துறவிக்கு இந்தக் கோலம் இல்லை. சிதறால் கல்வெட்டில் பொற்பூ கொடுத்தவராக வரும் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவியும் வெள்ளாடை உடுத்தியவராகவே இருந்திருப்பார். மாயி அம்மாவுக்குக் கிடைத்த விலக்கு அவருக்கு மட்டுமானது; இளம்பெண் ஒருத்தி அதே கரையில் அப்படி நடந்தால் என்ன நடக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே, காஃபின் பூட்ஸை மாட்டிக்கொண்டு குமரி மாவட்டத்துக் காளிகேசத்துக்கோ கீரிப்பாறைக்கோ கிளம்ப நினைக்கும் யாருக்கும் என் பதில், வேண்டாம் என்பதுதான். பாரதிய நியாய சன்ஹிதா 296ஆம் பிரிவின்படி பொது இடத்தில் ஆபாசச் செயலுக்கு மூன்று மாதம்வரை சிறை, ஆயிரம் ரூபாய்வரை அபராதம். ஆனால் பீலி ஏந்திய முனிவர்கள் இன்றும் இந்தியச் சாலைகளில் கால்நடையாக வருகிறார்கள். அவர்களுக்கு ஆபத்து போலீஸிடமிருந்து வருவதில்லை. நெடுஞ்சாலை ஓரமாக நடந்த சமணத் துறவியர் வண்டி மோதி இறந்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. விடியற்காலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டால் வேகத்தைக் குறைத்து விலகிப் போங்கள்.