நிறுத்தும் காந்தமும் தொடக்கும் கையும்

இயந்திரங்களின் வரலாறு என்று நாம் வகுப்பறையில் கற்பிப்பது பெரும்பாலும் ஓட்டத்தின் வரலாறேயாகும். நீராவியை உழைக்கவைத்தவர் யார், சக்கரத்தைச் சுழலவைத்தவர் யார் என்று வினவுகிறோம். மாணவரும் பெயர்களை ஒப்புவிக்கின்றனர். சுழலும் சக்கரத்தைத் தக்க தருணத்தில் நிறுத்தியவர் யார் என்னும் வினாவுக்குப் பாடநூலில் இடமில்லை. மலையக வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதும், 1890இல் லிப்டன் ஊவாவில் தோட்டங்களை வாங்கியதும் யாவரும் அறிந்தவை. அப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னையில் அவர் எழுப்பிய தொழிற்சாலை இன்றும் நிற்கிறது. அத்தகைய தொழிற்சாலைகளில் உழைத்த கைகளைக் காத்தது எது என்பதே இங்கு நமது கேள்வி.

தானே இயங்கிக் காக்கும் கருவியின் கதை விபத்துக்களோடு பிணைந்தது. கொதிகலனில் அமுக்கம் மிகும்போது தானே திறக்கும் காப்பு வால்வைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பப்பான் கண்டார். ஆயினும் 1803இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் டிரெவிதிக்கின் கொதிகலன் வெடித்து நால்வர் மாண்டனர். அதன் பின்னரே, வெப்பம் மீறினால் உருகிவிடும் ஈய அடைப்பையும் அவர் கொதிகலனில் பொருத்தினார். 1812இல் பெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 92 பேர் மடிந்தனர். 1815இல் டேவியின் காப்பு விளக்கு பிறந்தது. ஆனால் அவ்விளக்கை நம்பியே, முன்னர் எவரும் செல்லத் துணியாத அபாயப் பகுதிகளிலும் சுரங்க முதலாளிகள் தொழிலாளரை இறக்கினர். காப்புக் கருவி உயிரைக் காக்குமா, அபாயத்தை விரிக்குமா என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை; அதனை ஆள்பவரே தீர்மானிக்கின்றனர்.

இந்த வரிசையில் மிக நுட்பமானது காந்த வால்வு. இரு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு முனைப் பொருத்தைச் சூடாக்கினால் அருகிலுள்ள காந்த ஊசி விலகுவதை 1821இல் சீபெக் கண்டார். வெப்பத்தால் அங்கே மின்னோட்டம் பிறக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. எரிவாயு அடுப்பின் சுடருக்குள் அத்தகைய பொருத்து ஒன்றை வைத்து, அதன் மின்னோட்டத்தை இரும்பில் சுற்றிய கம்பிச்சுருளில் செலுத்துகின்றனர். இரும்பு காந்தமாகி வால்வைத் திறந்தபடி பிடித்திருக்கிறது. சுடர் அணைந்தால் பொருத்து குளிர்கிறது, காந்தம் வலுவிழக்கிறது, வில் வால்வை அடைத்துவிடுகிறது. எரியாத வாயு அறையில் நிறைந்து வெடிக்கும் அபாயம் இவ்வாறு நீங்குகிறது.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. அந்த மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பத்துப் பங்கே. அது வால்வைப் பிடித்துவைக்கும். இழுத்துத் திறக்க அதற்கு வலுவில்லை. ஆகவே மனிதர் ஒருவர் வந்து, பொத்தானை அழுத்தி, சுடரேற்றி, பொருத்துச் சூடேறும் வரை சில விநாடிகள் பிடித்திருக்க வேண்டும். நிற்பது தானாக, தொடங்குவது கையால். காந்தத்தின் இந்தப் பலவீனமே மனிதனுக்குப் பாதுகாப்பாகிறது.

இதே நெறியைத் தேயிலைத் தொழிற்சாலையின் மோட்டார்த் தொடக்கியிலும் காண்கிறோம். மின்சாரம் உள்ளவரை ஒரு காந்தம் அதன் கைப்பிடியைப் பிடித்திருக்கும். மின்சாரம் தடைப்பட்டதும் வில் அதனை நிறுத்தும் நிலைக்குத் தள்ளும். மீண்டும் மின்சாரம் வந்தாலும், ஒருவர் கைகொடுக்காமல் மோட்டார் ஓடாது. நின்ற ரோலருக்குள் சிக்கிய கொழுந்தை எடுக்கக் கைவிட்டவரின் விரல்களை இந்தச் சிறு காந்தம் காக்கிறது.

ஆனால் இது பிற்காலத்து வசதி. பழைய தொழிற்சாலைகளில் நீர்ச்சக்கரமோ, நீராவி என்ஜினோ, எண்ணெய் என்ஜினோ ஒரே நெடுந்தண்டைச் சுழற்றியது. அதிலிருந்து தோல்வார்கள் இறங்கி ரோலரையும் சலிக்கும் இயந்திரத்தையும் ஓட்டின. ஒருவரின் சேலைத் தலைப்பு சிக்கினாலும் தண்டு சுழன்றுகொண்டேயிருக்கும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், இழந்த உறுப்புக்கு விலை வகுத்தது. அபாயமான உறுப்புகளுக்கு வேலியிடக் கோரும் விரிவான தொழிற்சாலைச் சட்டம் 1942இலேயே இயற்றப்பட்டது. இங்கிலாந்திலோ 1844ஆம் ஆண்டுச் சட்டமே இயந்திர வேலியை வலியுறுத்தியிருந்தது. அங்கு சுழன்ற சக்கரம் கடல் கடந்து விரைவில் வந்தது; வேலி வரத் தாமதித்தது.

ஏன்? நிறுத்தவும் மீளத் தொடங்கவும் உரிய அதிகாரம் துரையிடமே இருந்தது. சக்கரத்தின் அருகே இருந்த கை வேறொருவருடையது. இந்த ஏற்பாட்டை 1940இல் பதுளையின் வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் எதிர்த்தனர். லங்கா சமசமாஜக் கட்சியின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்த அவர்கள் தமக்கென ஒரு மன்றத்தைத் தெரிந்தெடுத்தனர். அதனைக் கலந்தாலோசிக்கத் துரையும் இணங்க நேர்ந்தது. அவ்வாண்டு ஜூனில் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன முதலிய கட்சித் தலைவர்களை அரசு சிறையிலிட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கிற்று. தம்மைக் காக்கும் சட்டத்தைக் கேட்கும் வாக்குரிமையும் அவர்களிடமிருந்து பறிபோயிற்று.

இதன் விளைவைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வேறு, அடைப்பு வேறு. அபாயத்தை அறிவிக்கும் மணி அடித்தது. லய வாழ்வை நிறுத்தி, மக்களைப் பாதுகாப்பான நிலத்தில் குடியேற்றும் பொறுப்பை எந்தக் கையும் ஏற்கவில்லை.

ஆதலின் விஞ்ஞானப் பாடத்தில் காந்தத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் காந்தத்திடம் ஒப்படைக்கலாம். எப்போது மீளத் தொடங்கலாம் என்பதை ஒப்படைக்க இயலாது. அந்தக் கைப்பிடி இலாபக் கணக்குப் பார்ப்பவரிடம் மட்டும் இருக்கும்வரை, எந்தக் காப்புக் கருவியும் பாதிக் கருவியே. ரோலரின் அருகே நிற்பவரும், மலையடிவாரத்து லயத்தில் உறங்குபவரும் அதனைப் பற்றும் நாளில்தான் அது முழுமை பெறும்.