மாட்டுக் கொட்டாய் முதல் சினிமாக் கொட்டாய் வரை

புதுச்சேரி நெல்லித்தோப்பில் தோப்பு போய் வீடுகள் நெருங்கிவிட்டன. மொட்டைமாடியில் தகடு வேய்ந்தால் அது 'தகரக் கொட்டாய்'. பாகூர்ப் பக்கம் அதே சொல் பசு கட்டும் இடம். எழுத்தில் கொட்டகை.

பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி கொட்டகை, கொட்டம், கொட்டில் மூன்றையும் ஒரே குடும்பத்தில் சேர்க்கிறது. வடமொழி 'கோஷ்ட'த்தைக் காட்டுவோரும் உண்டு. எனக்கு அந்த வழக்கைவிட, கொட்டிலின் பழமையே பெரிதாகப் படுகிறது. காஞ்சியின் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், முல்லை நிலச் சீறூரில் அது நிற்கிறது: வண்டிச் சக்கரத்தையும் கலப்பையையும் சார்த்திச் சார்த்திச் சுவர் தேய்ந்த, புகை சூழ்ந்த கொட்டில். ஊர்க்கூரையெல்லாம் வரகு வைக்கோல். உழவர் வீட்டுக்குள் நின்று பார்க்காமல், அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு அந்தத் தேய்மானம் தெரிந்திருக்காது.

நம் பக்கத்துக் கொட்டாய்க்குச் சவுக்குக் கால், பனைவாரை, முடைந்த தென்னங்கீற்று. குனிந்துதான் நுழைய வேண்டும். அந்தத் தாழ்வால் சாரல் அடிக்காது. தரை பின்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். மூத்திரம் வாய்க்கால் வழியே எருக்குழிக்குப் போகும். பொழுது சாய்ந்தால் கொசுவுக்கு நொச்சித்தழைப் புகை. சுவர்தான் பெரும்பாலும் இருக்காது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் தடித்த கல்சுவருக்குள், ஒரே கூரையின்கீழ் ஆளும் மாடும் குளிருக்கு ஒடுங்கினார்கள். நம் மாட்டுக்குக் காற்று வேண்டும்.

சொல் மாட்டை விட்டு நகர்ந்ததும் சுவர் இல்லாததால்தான் என்று நினைக்கிறேன். காலும் கூரையும் இருந்தால் கொட்டகை. உள்ளே யார் இருந்தால் என்ன? கல்யாணப் பந்தல் கொட்டகையானது. நாடகமும் அங்கேதான் நடந்தது. அந்த மேடையை வளர்த்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார், சமாதி கருவடிக்குப்பத்தில். 1905-இல் திருச்சியில் துபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கிய சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். துணிக்கூடாரமும் 'டென்ட் கொட்டகை' ஆயிற்று. பிறகு செங்கல் வைத்துக் கட்டிய அரங்கையும் ஜனங்கள் சினிமாக் கொட்டாய் என்றே சொன்னார்கள்.

கீற்று குறைந்ததற்குத் தீயும் ஒரு காரணம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். பள்ளிகளில் அதை விலக்கியது நியாயம். ஆனால் மாட்டுக்கும் தகடு வந்துவிட்டது. சித்திரை வெயிலில் மாடு வாய் திறந்து மூச்சு வாங்குகிறது, பால் குறைகிறது. தகட்டின்மேல் கீற்றைப் பரப்பி, நடுப்பகலில் தண்ணீர் தெளிப்பவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.