ஒல்லாந்தர் பத்திரங்களும் யாழ்ப்பாணச் சரித்திரமும்

யாழ்ப்பாணச் சரித்திரம் பயிலப் புகுவோர் முதலிற் கையிலெடுப்பது மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையாகும். கைலாயமாலை, வையாபாடல் முதலிய முன்னூல்களைத் தழுவிய அந்நூல், மேக்கறூன் என்னும் ஒல்லாந்த அதிபதியின் வேண்டுகோளால் எழுந்தது. நாட்டார் நெஞ்சில் நின்ற பழைய நினைவை நூலாக்குவித்தவன் அந்நாட்டை ஆண்ட அந்நியன் என்பது சிந்திக்கற்பாலது. அந்நூலின் காலக்கணக்கிலும் அரசர் வரிசையிலும் உள்ள மயக்கங்களை முதலியார் இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் முறையே 1926 இலும் 1928 இலும் வெளியிட்ட நூல்களில் ஆராய்ந்தனர். ஆயினும், மேக்கறூன் போன்றோர் தங் கந்தோர்களில் எழுதிவைத்த பத்திரங்களை நோக்கினோர் நம்மவருள் மிகச் சிலரே.

ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். அவர்தம் கிழக்கிந்தியக் கம்பனியின் பத்திரங்கள் ஏறக்குறைய 250 இலட்சம் பக்கங்களாக ஹேக், கொழும்பு, சென்னை, யக்கார்த்தா முதலிய நகரங்களிற் பேணப்படுகின்றன. யுனெஸ்கோ நிறுவனம் 2003 இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. இப்பெருங் களஞ்சியத்துட் புகுந்து பயன்கொண்டவர் நாவாலி தந்த பேரறிஞர் சின்னப்பா அரசரத்தினம். 1687 வரையான ஒல்லாந்தராட்சியை ஆராய்ந்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1958 இல் அம்ஸ்ரர்டாமில் வெளியாயிற்று.

அப்பத்திரங்கள் எத்தகையன என்பதற்குத் தேசவழமை ஒன்றே சான்றாகும். தேசாதிபதி சீமோன்ஸ் பணித்தவாறு, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் ஈசாக்ஸ் என்னுந் திசாவை 1707 இல் அவ்வழமைகளை ஒல்லாந்த மொழியில் எழுதினான். அது தமிழிற் பெயர்க்கப்பெற்றுப் பன்னிரு முதலிமார்முன் வைக்கப்பட்டது, அவர்களும் உடன்பட்டனர். தமிழரது வழமை அயன்மொழியில் எழுதப்பட்டுத் தமிழுக்கு மீண்ட விந்தை இது. அதில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. அடிமைகளுள் எவரையும் அழைத்துக் கேட்டிலர். முதலிமாரின் நினைவே நாட்டின் நினைவாகச் சட்டமேறிற்று. ஏனையோர் வாழ்வை அறிய விழைவோர் ஊழியக் கணக்குகளிலும் தோம்புகளிலும் வழக்கேடுகளிலும் தேடல் வேண்டும்.

தேடுவோர்க்கு எச்சரிக்கையும் வேண்டும். 1672 இல் நூல் வெளியிட்ட பால்தேயுஸ் பாதிரியார், கோயிற்பற்றுத்தோறும் பள்ளிச் சிறாரின் தொகையைக் குறித்துள்ளார். தொகை பெரிது; ஆனால் ஒல்லாந்தராட்சி நீங்கியதும் அவ்வாறு பதியப்பெற்ற குடும்பங்களுட் பெரும்பாலன வெளிப்படையாகவே சைவமாய் நின்றன. பதிவேட்டுப் பெயரை மனத்துச் சமயமெனக் கொள்ளும் ஆராய்ச்சியாளன் வழுக்கி வீழ்வான்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. நம்மிடமிருந்தவை அழிந்தபின் பிறரிடமுள்ளவற்றின் பெறுமதி பன்மடங்காயிற்று. அவற்றை அடையும் வழியும் இன்று முன்னினும் எளிது. 2000 ஆம் ஆண்டையடுத்து லைடன் பல்கலைக்கழகம் ஆசிய இளைஞர்க்கு உதவிப்பணம் நல்கிப் பழைய ஒல்லாந்த மொழியையும் கையெழுத்தையும் பயிற்றியது; இலங்கையரும் அங்குக் கற்றுப் பட்டம் பெற்றனர். 2022 இல் நெதர்லாந்தில் தொடங்கிய குளோபலைஸ் என்னும் முயற்சி, ஏறத்தாழ 50 இலட்சம் பக்கங்களைக் கணினியால் எழுத்துப்பெயர்த்து, எவரும் இணையத்திற் படிக்க வைத்துள்ளது. முன்னர்க் கடல் கடந்தே காணவேண்டியிருந்த கடிதங்களை இப்போது வீட்டிலிருந்தே காணலாம்.

கணினி எழுத்தை அறியும், ஊரை அறியாது. வட்டுக்கோட்டை அப்பத்திரங்களில் பத்திகோத்தா என உருமாறிக் கிடக்கும். பண்டத்தரிப்பு, தெல்லிப்பழை முதலியனவும் எழுதுவோன் காதுக்கு எட்டியவாறே திரிந்து நிற்கும். காணிப் பெயர்களும் ஆட்பெயர்களும் இன்னும் மோசம். இவற்றைச் செம்மையாகக் கண்டறியும் தகுதி லைடன் அறிஞரினும் அவ்வூர்களிற் பிறந்து உறுதிகளையும் குறிச்சிப் பெயர்களையும் கேட்டு வளர்ந்த மாணவனுக்கே மிகுதி. அவன் கற்கவேண்டியது ஒல்லாந்த மொழியும் அக்காலக் கையெழுத்தும் மாத்திரமே. அதற்கு ஈரிரண்டாண்டு உழைப்புப் போதும். ஆங்கிலம் அறிந்தோர்க்கு அம்மொழி அத்துணைக் கடினமுமன்று.