உருவாக்கமும் ஆய்வே: ஜே எஃப். நூனமேக்கரின் ஆய்வு வாழ்வும் வடிவமைப்பு அறிவியலின் வரலாறும்

முன்னுரை

கணினி முறைமை ஒன்றை உருவாக்குவது ஆய்வாகுமா என்னும் கேள்வி, தகவல் முறைமையியல் தனித்துறையாக உருப்பெற்ற காலந்தொட்டு அதனைத் தொடர்ந்து வருகிறது. பொறியாளர் ஒருவர் நிரல் எழுதுகிறார், அது இயங்குகிறது. அதனால் புதிதாக அறியப்பட்டது யாது? இவ்வினாவிற்குத் தம் பணிவாழ்வு முழுவதையும் விடையாக்கியவர்களுள் அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே எஃப். நூனமேக்கர் குறிப்பிடத்தக்கவர். வடிவமைப்பு அறிவியலின் வரலாற்றை 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரையிலிருந்து தொடங்கிச் சொல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. அவ்வாறு சொல்லும்போது அதற்கு முந்தைய முப்பதாண்டு உழைப்பு மறைந்துபோகிறது. அவ்வுழைப்பிலிருந்து துறை ஏற்றுக்கொண்டது ஒரு பாதியே என்பதும் புலப்படாமல் போகிறது. இக்கட்டுரை அந்த மறுபாதியைப் பற்றியது.

துறையின் தயக்கம்

ஹெர்பர்ட் சைமன் 1969இல் வெளியிட்ட ‘செயற்கையானவற்றின் அறிவியல்கள்’ என்னும் நூல், இயற்கையை விளக்கும் அறிவியலோடு மனிதன் ஆக்கும் பொருள்களைப் பற்றிய அறிவியலுக்கும் இடம் உண்டு என வாதிட்டது. ஆயினும், வணிகவியல் பள்ளிகளுக்குள் வளர்ந்த தகவல் முறைமையியல் அவ்வழியில் உடனே செல்லவில்லை. 1977இல் மினசோட்டாவில் ‘எம்ஐஎஸ் குவார்ட்டர்லி’ இதழ் தொடங்கப்பெற்றது. 1980இல் பிலடெல்பியாவில் கூடிய முதல் பன்னாட்டு மாநாட்டில், இத்துறைக்குச் சார்புத்துறைகள் எவை, தொடர்ந்து சேர்ந்து வளரும் ஆய்வுமரபு எங்கே என்று பீட்டர் கீன் கேட்டார். துறையின் பெரும்பகுதி உளவியலிலும் நிறுவன நடத்தையியலிலும் விடை தேடியது. கருதுகோள், வினாநிரல், ஆய்வகச் சோதனை ஆகியவை ஆய்வின் அடையாளங்களாயின. மென்பொருள் உருவாக்குவோர் தம் பணியைப் பொறியியல் என்றே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. பணி நிலைப்பும் பதவி உயர்வும் இதழ்க் கட்டுரைகளைச் சார்ந்திருந்தமையால் இது வெறும் பெயர்ச் சிக்கலாக நிற்கவில்லை.

நூனமேக்கர் வந்த வழி வேறு. கேஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் முறைமைப் பொறியியலும் செயல்முறை ஆய்வும் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அங்கு டேனியல் டைக்ரோ தொடங்கி, பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்த ‘இஸ்டாஸ்’ திட்டம் அவருடைய சிந்தனைக்கு வித்திட்டது. ஒரு நிறுவனத்திற்கு எத்தகைய தகவல் முறைமை தேவை என்பதைக் கணினியே படித்துப் பிழை காணும் மொழியில் எழுதிவிட்டால், வடிவமைப்பின் பெரும்பகுதியைத் தானியக்கமாக்கலாம் என்பது அத்திட்டத்தின் நம்பிக்கை. நூனமேக்கர் உருவாக்கிய ‘சோடா’ என்னும் முறை, எழுதப்பட்ட தேவைகளிலிருந்து நிரல், கோப்பு, வன்பொருள் ஆகியவற்றின் பொருத்தமான அமைப்பைத் தேர்ந்தெடுக்க முயன்றது. பர்டூ பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 1974இல் அரிசோனாவில் மேலாண்மைத் தகவல் முறைமைத் துறையை அவர் நிறுவினார்.

தேவை ஒருவர் தலைக்குள் இல்லை

இஸ்டாஸ் வழியில் ஒரு தடை இருந்தது. தேவைகளைத் துல்லியமாக எழுத மொழி உண்டு; எழுத வேண்டிய தேவை எது என்பதில்தான் உடன்பாடு இல்லை. கணக்குப் பிரிவு ஒன்று சொல்லும், பண்டகசாலை வேறொன்று சொல்லும். எனவே தேவைக்கு உரியவர்கள் அனைவரையும் ஓர் அறையில் அமர்த்தி, அவர்கள் முன் கணினிகளை வைக்கும் எண்ணம் பிறந்தது. அவ்வகையில் ‘பிளெக்சிஸ்’ என்னும் முறைமை, மென்பொருள் வடிவமைப்புக் கருவியாகத் தொடங்கிக் கூட்டம் நடத்தும் கருவியாக மாறியது. 1985இல் அரிசோனாவில் திறக்கப்பட்ட முதல் அறையில் குதிரை லாட வடிவ மேசையில் 16 கணினிகள் இருந்தன. 1987இல் திறக்கப்பட்ட இரண்டாவது அறையில் 24 கணினிகள் இடம்பெற்றன. மென்பொருள் பின்னர் ‘குரூப்சிஸ்டம்ஸ்’ என்னும் பெயரில் நிறுவனங்களுக்கும் சென்றது.

அறையில் நிகழ்ந்தது எளிமையானது. கேள்வி ஒன்று திரையில் தோன்றும். அனைவரும் ஒரே நேரத்தில் தம் கருத்தைத் தட்டச்சு செய்வர். ஒருவர் எழுதியது பெயரின்றி மற்றவர் திரைக்குச் செல்லும்; அவர் அதன்மேல் தம் கருத்தைச் சேர்ப்பார். பின்னர் கருத்துகள் வகைப்படுத்தப்படும், வாக்கெடுக்கப்படும். வாய்மொழிக் கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கையில் கருத்து மறந்துபோகும், அல்லது சொல்லும் துணிவு போய்விடும். குழுவாகச் சிந்திப்போர், தனித்தனியே சிந்திப்போரின் கூட்டுத்தொகையைவிடக் குறைவான கருத்துகளையே தருகின்றனர் என்பதற்கு இக்காத்திருப்பே முதன்மைக் காரணம் என்று டீல், ஸ்ட்ரோபே ஆகிய உளவியலாளர்கள் 1987இல் சோதனை வழி காட்டினர். அரிசோனா அறை அக்காத்திருப்பை நீக்கியது. மேலாளர் எதிரில் இருக்கையில் இளநிலை ஊழியர் வாய் திறக்கத் தயங்குவார் என்பதைப் பெயர் மறைப்பு ஓரளவு சமாளித்தது. ஐபிஎம் நிறுவனம் நியூயார்க் மாநிலத்தின் ஒவேகோவில் இத்தகைய அறையை அமைத்தது. அங்கு நடந்த களஆய்வு 1989இல் கட்டுரையாக வெளிவந்தது.

வரலாற்று நோக்கில் கவனத்திற்குரிய முரண்பாடு இங்குதான் எழுகிறது. அதே காலத்தில் மினசோட்டாவில் ஜெரார்டின் டிசாங்டிஸும் பிரென்ட் கலூப்பும் கணினி உதவியுடன் குழு முடிவெடுத்தல் பற்றிய கோட்பாட்டு அடித்தளத்தை 1987இல் அமைத்தனர். அம்மரபில் நிகழ்ந்த ஆய்வகச் சோதனைகள் கலவையான முடிவுகளைத் தந்தன. அரிசோனாவின் களஆய்வுகளோ பெரும் பயனைக் காட்டின. உருவாக்கியவரே மதிப்பிட்டால் பயன் தெரியத்தானே செய்யும் என்னும் ஐயம் நியாயமானது. ஆனால் டென்னிஸ், நூனமேக்கர், வோகல் ஆகியோர் இரு வகை ஆய்வுகளையும் ஒப்பிட்டு எழுதியபோது வேறு சில காரணங்களும் வெளிப்பட்டன. ஆய்வகக் குழுக்கள் சிறியவை, மாணவர்களால் ஆனவை, கொடுக்கப்பட்ட சிக்கல் அவர்களுடையதன்று. களத்தில் குழுக்கள் பெரியவை. சிக்கல் அவர்களுடைய பிழைப்பைத் தொட்டது. மூவர் பேசும் கூட்டத்தில் காத்திருப்பு ஒரு பொருட்டன்று. பதினைவர் பேசும் கூட்டத்தில் அதுவே சிக்கல். குழுவின் அளவு ஒரு முக்கிய மாறி என்பது, பலர் அமரும் அறை கட்டப்பட்ட பின்னரே தெளிவாகக் கண்ணுக்குப் பட்டது. முறைமை ஒன்றை உருவாக்குவதால் அறியப்படுவது யாது என்னும் வினாவிற்கு இதைவிடத் தெளிவான விடை இத்துறையில் அரிது.

1991இலிருந்து 2004 வரை

‘ஜர்னல் ஆஃப் மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்’ இதழின் 1990-91 குளிர்கால இதழில் நூனமேக்கர், மிண்டர் சென், டைட்டஸ் பர்டின் ஆகியோர் எழுதிய கட்டுரை இவ்வனுபவத்தை முறையியலாக்கியது. கோட்பாடு அமைத்தல், சோதனை, நோக்கல் ஆகிய மூன்றுக்கும் நடுவில் முறைமை உருவாக்கத்தை அவர்கள் வைத்தனர். உருவாக்கம் பிற மூன்றுக்கும் பொருள் தருகிறது. அவற்றிலிருந்து திருத்தம் பெறுகிறது. 1995இல் சால்வடோர் மார்ச்சும் ஜெரால்ட் ஸ்மித்தும் உருவாக்கல், மதிப்பிடல் என்னும் இணையை வரையறுத்தனர். ஆலன் ஹெவ்னர், மார்ச், ஜின்சூ பார்க், அரிசோனாத் துறையைச் சேர்ந்த சுதா ராம் ஆகிய நால்வரும் 2004இல் எழுதிய கட்டுரை ஏழு நெறிகளை வகுத்து, முன்பு தயங்கிய அதே ‘எம்ஐஎஸ் குவார்ட்டர்லி’யின் வழியாக வடிவமைப்பு அறிவியலுக்குத் துறையின் நடுவில் இடம் பெற்றுத் தந்தது.

அவ்வெற்றி மெய்யானது. முறைமை உருவாக்கும் ஆய்வு மாணவர்கள் தம் ஆய்வேட்டைத் தற்காத்துக்கொள்ள மேற்கோள் காட்டத்தக்க ஆவணம் ஒன்று கிடைத்தது. அக்கட்டுரை பயன்பொருத்தத்தை வற்புறுத்தியதும் உண்மையே. ஆயினும் ஏழு நெறிகளும் மதிப்பீட்டாளர் சரிபார்க்கும் பட்டியலாக எளிதில் சுருங்கின. மதிப்பிடுதல் என்பது உருவாக்கத்தின் முடிவில் ஒருமுறை நிகழும் நிகழ்வாகிவிட்டது; முன்மாதிரி ஒன்று, சோதனை ஒன்று, கட்டுரை ஒன்று என்னும் அளவில் பணி முடிந்தது. நூனமேக்கரின் அறைகள் அத்தகையவை அல்ல. உருவாக்கியவர்கள் ஆண்டுக்கணக்காக அவற்றுடன் இருந்தனர்.

கைவிடப்பட்ட அறைகள்

அவ்வாறு இருந்ததால் வெற்றியோடு தோல்வியையும் அவர்கள் கண்டனர். பயன் நிறுவப்பட்ட நிறுவனங்களிலேயே இம்முறைமைகள் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன. காரணம் மென்பொருளில் இல்லை. ஒவ்வோர் அறையும் கூட்டத்தை நடத்தும் தேர்ந்த நெறியாளர் ஒருவரை நம்பியிருந்தது; அவர் பதவி உயர்வு பெற்றோ வேறு பணிக்கோ சென்றபோது அறை பூட்டப்பட்டது. ராபர்ட் பிரிக்ஸ், கெர்ட்-யான் டி வ்ரேடே ஆகியோருடன் நூனமேக்கர் 2003இல் எழுதிய கட்டுரை இதற்கு விடை தேடியது. நெறியாளரின் கைத்திறனைச் சிறு சிறு செய்முறைகளாகப் பிரித்து எழுதி, தொழிலில் வல்லவர் அல்லாத ஊழியரும் மீண்டும் மீண்டும் கையாளும்படி செய்தனர். அவற்றிற்குத் ‘திங்க்லெட்’ எனப் பெயரிட்டனர். முறைமை எது என்னும் வரையறையே இங்கு மாறிவிட்டதைக் காணலாம்: நெறியாளரின் சொற்களும் அதனுள் வந்துவிட்டன. ஒற்றைச் சோதனையோடு நின்றிருந்தால் இவ்வறிவு கிட்டியிராது.

2015இல் பிரிக்ஸ், டெரிக், ஷ்வாபே ஆகியோருடன் எழுதிய கட்டுரையில் நூனமேக்கர் இதனை ‘ஆய்வின் இறுதி மைல்’ என்றார். கருத்துச் சான்று, மதிப்புச் சான்று, பயன்பாட்டுச் சான்று என மூன்று படிகள். மூன்றாவது படியில், உருவாக்கியவர் விலகிய பின்னும் பிறர் அதனைத் தாமே தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் முதற்படியிலேயே நிற்கின்றன என்பது அக்கட்டுரையின் குறை.

எல்லைச் சாவடியில்

இந்த இறுதி மைல் எவர் வழியே செல்கிறது என்னும் கேள்வியை அவருடைய பிற்காலப் பணியே எழுப்புகிறது. 2008இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆதரவுடன் அரிசோனாவில் எல்லைப் பாதுகாப்பு ஆய்வு மையம் அமைந்தது. தொடர்பியல் அறிஞர் ஜூடி பர்கூன் உள்ளிட்டோருடன் இணைந்து அங்கு உருவான ‘அவதார்’ என்னும் சாவடி, திரையில் தோன்றும் உருவத்தின் வாயிலாகப் பயணியிடம் கேள்வி கேட்டு, குரல், கண்ணசைவு, உடலசைவு ஆகியவற்றிலிருந்து பொய்க்கான அறிகுறிகளைக் கணிக்க முயன்றது. அமெரிக்க மெக்சிகோ எல்லையில் உள்ள நொகாலஸிலும், 2013இல் புக்காரெஸ்ட் விமான நிலையத்திலும் அது களத்தில் சோதிக்கப்பட்டது.

கணக்கு ஒன்று இங்கு உதவும். பத்தாயிரம் பயணிகளில் பத்துப் பேர் பொய் சொல்வதாகவும், கருவி நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகக் கணிப்பதாகவும் கொள்வோம். பிடிபடும் பொய்யர் 9 பேர். ஐயத்திற்கு உள்ளாகும் உண்மையர் 999 பேர். அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2003இல் பொய் காணும் கருவிகள் பற்றி வெளியிட்ட அறிக்கை, பெருந்திரளைச் சலிப்பதற்கு அவை ஏற்றவையல்ல என்று கூறியதன் அடிப்படை இத்தகைய கணக்கே.

அவதார் இச்சிக்கலுக்கு விதிவிலக்கன்று. ஆனால் முறையியல் நோக்கில் வேறொரு வேறுபாடு கூடுதலாக நிற்கிறது. கூட்ட அறையில் முறைமையைப் பயன்படுத்தியவரும் அதன் விளைவைத் தாங்கியவரும் ஒருவரே. பிடிக்காதபோது கதவைப் பூட்டிச் சென்றனர், அப்பூட்டும் ஆய்வுக்குச் சான்றானது. சாவடியில் பயன்படுத்துபவர் எல்லை அலுவலர். விளைவைத் தாங்குபவர் பயணி. பயணி விலகிச் செல்ல முடியாது. ஆய்வகத்தில் யார் பொய் சொல்ல வேண்டும் என்பதை ஆய்வாளரே முன்கூட்டி வகுப்பதால் பிழை எளிதில் எண்ணப்படும். எல்லையில், ஐயத்திற்கு உள்ளாகி இரண்டாம் விசாரணைக்குச் சென்று எதுவும் அகப்படாமல் திரும்பும் ஒருவர், கருவியின் பிழையா அலுவலரின் பிழையா என்பதைத் தரவிலிருந்து பிரித்தறிய வழியில்லை. அத்தகைய சாவடி ஒன்று பல்லாண்டு தொடர்ந்து இயங்கி, மூன்றாம் படிக்குரிய சான்று முழுவதையும் பெற்றுவிட்டாலும், அச்சான்றில் அப்பயணியின் பதிவு இடம்பெற்றிருக்காது.