ஆறரை மணிப் பூட்டு

நான் பொறியியல் படித்த தனியார் கல்லூரியில் கணினி ஆய்வகம் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதியை மாலை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். 1997இல் சேர்ந்த எங்கள் வகுப்பில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். வீட்டில் கணினி இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆறரைக்குப் பிறகான இரண்டரை மணி நேரம் பையன்களுடையது. பழுதான கணினியைப் பிரித்துப் பார்த்ததும், சீனியர்களோடு பழகியதும், துறைச் சங்கத்துக்கு யார் செயலாளர் என்று பேசி முடித்ததும் அந்த நேரத்தில்தான். மறுநாள் காலையில் முடிவு மட்டும் எங்களுக்குச் சொல்லப்படும். நான்காண்டுகளும் செயலாளர் ஒரு பையன், இணைச் செயலாளர் ஒரு பெண். சிம்போசியத்தன்று கோலம், குத்துவிளக்கு, பூங்கொத்து, நன்றியுரை எல்லாம் இணைச் செயலாளரின் பொறுப்பு.

அதை அநீதி என்று அப்போது நான் நினைக்கவில்லை. மதிப்பெண்ணில் நாங்கள்தான் முன்னால் இருந்தோம், அது போதும் என்றிருந்தேன். வேலைக்குப் போன பிறகே விளங்கியது. கூட்டத்தில் மறுத்துப் பேசவும், பணத்துக்குக் கணக்குச் சொல்லவும், பத்துப் பேரை வேலை வாங்கவும் என்னோடு படித்த பையன்கள் கல்லூரியிலேயே பழகியிருந்தார்கள். ஐந்தே ஆண்டில் அவர்கள் டீம் லீடர்கள். நான் அவர்களுக்கு நம்பகமான புரோகிராமர்.

இந்தக் கதையின் தொடக்கத்தைத் தேடினால் கிண்டி பொறியியல் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையான அ. லலிதா, 1940இல் அங்கே மின் பொறியியலில் சேர்ந்தார். அவருடைய தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். அந்தச் செல்வாக்கு இருந்ததால்தான் கதவு திறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்துச் சிவில் பிரிவில் பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பால் பிரதிப்பெயர்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பாலை எழுதிக் கொடுத்தார்கள். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். சான்றிதழில் ஒரு சொல்லைத் திருத்திய நாளுக்கும் அந்த நாற்காலிக்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்திருந்தது.

அதே கிண்டியில் 1958இல் சிவில் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, பின்னாளில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பள்ளியின் தலைவரானார். 1995இல் அங்கே இளநிலை கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 விழுக்காடுதான். ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்களிடம் ஆண்டுக்கணக்கில் பேசிக் காரணம் தேடினார்கள். பல வீடுகளில் கணினி இருந்தது மகனின் அறையில். வரும்போதே புரோகிராம் எழுதத் தெரிந்திருந்த பையன்களைப் பார்த்து, தமக்கு மூளை போதாது என்று பெண்கள் முடிவுகட்டிக்கொண்டார்கள். ஆனால் அந்த முன் அனுபவம், படிப்பில் யார் வெற்றி பெறுவார் என்பதைக் காட்டவில்லை.

நாளைய கணினித் துறைக்குத் தலைமை தாங்கக்கூடியவர்களைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் வேண்டும் என்று சேர்க்கை அலுவலகத்திடம் ரெட்டி கேட்டார். முன் அனுபவத்துக்குத் தந்த முக்கியத்துவத்தைக் குறைத்தார்கள். அனுபவம் இல்லாதவர்களுக்குத் தனித் தொடக்கப் பாடம் வைத்தார்கள். 2000இல் சேர்ந்தவர்களில் பெண்கள் 42 விழுக்காடு. பெண் மாணவர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பைக் கட்டி, அதை நடத்தவும் செய்தார்கள். ஐந்தே ஆண்டில் பெண்களின் மூளை மாறிவிடவில்லை. கல்லூரி தன் விதியை மாற்றிக்கொண்டது.

நம் ஊரில் எண்ணிக்கை சிக்கலே அல்ல. கணினி வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். நமக்குச் சிக்கல் அந்தப் பூட்டில் இருக்கிறது. அதற்குப் பாதுகாப்பு என்று பெயர். பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்வதைத் தடுத்த 1948ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில்தான் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அடுத்த ஆண்டு என் வகுப்புத் தோழிகள் கம்பெனி வண்டியில் நைட் ஷிஃப்டுக்குப் போனார்கள். மே மாதம் வரை ஆறரைக்கு உள்ளே இருக்க வேண்டியவர்கள், ஜூலையில் நள்ளிரவில் அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசினார்கள். நாங்கள் உழைக்கப் போகும்போது இரவு யாரையும் பயமுறுத்தவில்லை. கற்றுக்கொள்ளவும் கூடிப் பேசவும் கேட்டபோதுதான் அது ஆபத்தானதாக இருந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட நானே, வேலையை விட்டு ஆசிரியராகி, வேறொரு கல்லூரியில் துணை விடுதிக் காப்பாளராக ஆறு ஆண்டுகள் பூட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கேயும் ஆறரைதான். ஒருநாள் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேம், ஆறரைக்கு மேல லேப் யாருக்காக மேம் திறந்திருக்கு?" என்னிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதிகளில் பெண்களுக்கு மட்டும் பாகுபாடான விதி வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. அதை அச்செடுத்துக் கல்லூரிக் குழுவின் முன் வைத்தேன். "உங்களுக்கும் பொண்ணு இருக்கில்ல மேடம்?" என்றார் ஒருவர். இருக்கிறாள், அதனால்தான் கேட்கிறேன் என்றேன். மூன்று கூட்டங்களுக்குப் பிறகு எட்டரை என்று முடிவானது, அதுவும் அப்பாவின் கடிதம் இருந்தால். சங்கத் தேர்தலை மட்டும் வகுப்பு நேரத்தில், வாக்குச் சீட்டு வைத்து நடத்தச் சம்மதித்தார்கள். கேள்வி கேட்ட மாணவி செயலாளர் பதவிக்கு நின்றாள், தோற்றாள். அடுத்த ஆண்டு, அவளுக்காக வீடு வீடாக அப்பாக்களிடம் பேசிக் கடிதம் வாங்கி வந்த ஜூனியர் நின்று ஜெயித்தாள்.

ஆய்வகம் இன்னும் ஒன்பது வரைதான். எட்டரைக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது இன்னும் நான்தான். அந்த அரை மணி நேரத்தைக் கேட்டு இந்த ஆண்டும் மனு எழுதியிருக்கிறோம். அதில் முதல் கையெழுத்து செயலாளருடையது.