குடல் நுண்ணுயிர் ஆய்வில் வேலூரின் இடம்: 1960 முதல் இன்று வரை

முன்னுரை

 1960களின் தொடக்கத்தில், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு வயிற்றுப்போக்கு நோய் ஊர் ஊராகப் பரவியது. அது சில நாளில் ஓயவில்லை. மாதக்கணக்கில் நீடித்தது. உண்ட சோறு உடம்பில் ஒட்டாமல், சோகை பிடித்து, மெலிந்து பலர் மாண்டனர். மருத்துவர்கள் இதை வெப்பமண்டல ஸ்ப்ரூ என்றனர். இதன் காரணம் தேடி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். குடல் பாக்டீரியாவை நோயின் மூலமாக மட்டும் பார்த்த நிலை மாறி, உடலின் பங்காளியாகவும் பார்க்கும் நிலை இந்த ஆய்வு மரபில் எப்படி உருவானது, ஜப்பானிய நோய் எதிர்ப்பியல் ஆய்வுடன் அது எங்கே சந்திக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நோயாளியும் நோயற்றவரும்

இந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் ஆஸ்திரேலியரான செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும். நோயாளிகளை மட்டும் சோதிப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. இப்பகுதியின் நலமான மக்களையும் சேர்த்தே சோதித்தார்கள். இந்த ஒப்பீடுதான் திருப்பத்தைத் தந்தது. சிறுகுடலின் மேற்பகுதியில் பாக்டீரியா மிகச் சொற்பம் என்பது மேலைநாட்டுப் பாடநூல்களின் கூற்று. ஆனால் தென்னிந்தியாவில் நலமாக இருப்பவர்களின் சிறுகுடலிலும் பாக்டீரியா வாழ்வதை 1972இல் வெளியான வேலூர் ஆய்வு காட்டியது. ஸ்ப்ரூவின் பழி முழுவதையும் அவற்றின் மேல் போட முடியாமல் போயிற்று.

அப்படியானால் அவை அங்கே என்ன செய்கின்றன? 1980இல் எம். ஜே. ஆல்பர்ட், மாதன், பேக்கர் மூவரும் 'நேச்சர்' இதழில் ஒரு விடை தந்தனர். சிறுகுடலில் வாழும் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள் வைட்டமின் பி12ஐ உருவாக்க வல்லவை. பெருங்குடலில் உருவாகும் பி12 பெரும்பாலும் வீணாகவே வெளியேறுகிறது. அதை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைப்பகுதி. எனவே அதற்கு மேலே உருவாவது உடலுக்குப் பயன்பட வாய்ப்புண்டு. இறைச்சி அதிகம் உண்ணாத மக்களிடம் இந்தக் கண்டுபிடிப்புக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

மாவுச்சத்தும் காலராவும்

அடுத்த கட்டம் பெருங்குடலில் நிகழ்ந்தது. பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் வேலூரில் காலரா நோயாளிகள் 48 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல். இன்னொன்றுக்கு அதே கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவதற்கு எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து 50 கிராம். இந்த மாவுச்சத்து செரிக்காமலே பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்கள் சோடியத்தை உறிஞ்ச வைக்கின்றன. சோடியத்தின் பின்னால் நீரும் உடலுக்குள் போகிறது. மூன்றாம் குழுவில் வெளியேறிய நீரும் குறைந்தது, பேதி நீடித்த நேரமும் குறைந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வில் குடல் பாக்டீரியாவே சிகிச்சையின் கருவியாயிற்று.

ஜப்பானின் கேள்வி

டோக்கியோவிலும் ஒசாகாவிலும் பணியாற்றிப் பின்னர் ரிக்கென் நிறுவனத்துக்கும் கெய்யோ பல்கலைக்கழகத்துக்கும் சென்ற நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் கென்யா ஹோண்டா வேறு கேள்வியை எழுப்பினார்: எந்த பாக்டீரியா எந்த நோய் எதிர்ப்பு செல்லை வளர்க்கிறது? 2011இல் அவர் குழு, குளோஸ்டிரிடியா வகை பாக்டீரியாக்கள் எலிகளின் குடலில் அழற்சியை அடக்கும் நெறிப்படுத்து டி செல்களைப் பெருக்குவதைக் காட்டியது. 2013இல் மனித மலத்திலிருந்து அதே வேலையைச் செய்யும் 17 பாக்டீரியா திரிபுகளைப் பிரித்தெடுத்தது. அதே ஆண்டு ரிக்கெனைச் சேர்ந்த ஹிரோஷி ஓனோ குழு, பியூட்டிரேட் என்னும் குறுஞ்சங்கிலி அமிலம் அந்த செல்களை உருவாக்கத் தூண்டுவதை நிறுவியது. வேலூரில் நீரிழப்பைத் தடுத்த அமிலங்களின் குடும்பத்தைச் சேர்ந்ததே இதுவும். இரு மரபுகளும் சந்திக்கும் இடம் இது.

தீராத கணக்கு

குடல் கிருமிகள் பற்றிய ஒரு கேள்வி வேலூரில் இன்னும் தீரவில்லை. போலியோ சொட்டு மருந்து வேலூர்க் குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தரவில்லை என்று வேலூர் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான் 1972இலேயே எழுதினார். குடல் கிருமிகள் காரணமா என்று அறிய, குழந்தைகளுக்கு முதலில் அசித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து, பிறகு சொட்டு மருந்து தந்து சோதித்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி கிருமிகளும் குடல் அழற்சியின் அறிகுறிகளும் குறைந்தன. சொட்டு மருந்தின் பலன் மட்டும் கூடவில்லை. கிருமியை நீக்கினால் போதும் என்ற எண்ணம் இங்கே தோற்றது.

முடிவுரை

வேலூரின் பலம், தன்னைச் சுற்றியுள்ள மக்களை அவர்கள் வாழும் இடத்திலேயே ஆராய்ந்தது. ஜப்பானின் பலம், ஒவ்வொரு பாக்டீரியாவையும் தனியே பிரித்து அதன் வேலையை நிறுவியது. சொட்டு மருந்துப் புதிரை அவிழ்க்க இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். ஜப்பானியரின் குடலில் கிடைத்த பட்டியலைக் கேழ்வரகுக் களியும் பழைய சோறும் உண்டு வளர்ந்தவரின் குடலுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. வேலூரைச் சுற்றியுள்ள கிராமக் குழந்தைகளைப் பிறப்பு முதலே தொடர்ந்து கவனிக்கும் நெடுங்கால ஆய்வு ஒன்றைத் தமிழகப் பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் இணைந்து தொடங்க வேண்டும்.