வாய்க்கால் வெட்டும்போது வெளிவருவது

கண்டாவளைப் பிரிவில் முரசுமோட்டைப் பக்கமாக நண்பரொருவருக்கு வயல் இருக்கிறது. இரணைமடுத் தண்ணீர் பாயும் காணி. சில வருடங்களுக்கு முன், காலபோகத்துக்கு முந்திய துப்புரவு வேலையில் பெக்கோ வாய்க்காலை ஆழப்படுத்திக்கொண்டிருந்தபோது நானும் கரையில் நின்றேன். அள்ளிக் கொட்டிய மண்ணில் ஓட்டுத் துண்டுகள் சில கிடந்தன. ஒன்றைக் கழுவிப் பார்த்தோம். உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் மங்கிய சிவப்பு. இரண்டாயிரம் வருடத்து ஓடாகவும் இருக்கலாம். ஐம்பது வருடத்துக்கு முன் யாரோ அடுப்பில் வைத்துக் கருக்கிய சட்டியாகவும் இருக்கலாம். பார்த்தவுடன் சொல்லிவிடும் தேர்ச்சி எனக்கில்லை.

நண்பர் அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"சேர், உதை வெளியில சொல்லிப்போடாதேங்கோ. அவங்கள் வந்து ஒரு கல்லு நட்டாங்களெண்டால் பிறகு இது என்ர காணியில்லை."

வரலாறு படிப்பித்தவன் நான். எனக்குப் பதில் வரவில்லை.

நீருக்காகத் தோண்டுகிற இடத்தில் பழைய குடியிருப்பு வெளிப்படுவது தற்செயலன்று. நிலத்தின் சரிவு மாறவில்லை. எனவே நீர் போகும் வழியும் பெரிதாக மாறவில்லை. துரித மகாவலித் திட்டத்தில் மாதுறு ஓயாவுக்கு அணை கட்ட வந்த பொறியியலாளர்கள், தாம் தெரிந்த இடத்திலேயே புராதன அணையொன்றின் துருசைக் கண்டார்கள். கணிதமும் கருவியும் கொண்டு அவர்கள் கண்ட இடத்தை, முன்னோர் எப்போதோ கண்டிருந்தார்கள். புதிய அணை 1983இல் நிறைவுற்றது. பழைய துருசை இன்றும் பார்க்கலாம்.

இதற்கு நூறு வருடம் முந்தியது திஸ்ஸமகாராமைக் கதை. நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆங்கிலேயப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் அங்கே குளத்தின் கீழ் வாய்க்கால் வெட்டுவித்தபோது, பழைய நகரத்துக் கைவினைஞர் வாழ்ந்த பகுதி வெளிப்பட்டது. மண்ணை அள்ளி அப்பால் கொட்டிவிட்டு அவர் வேலையை முடித்திருக்கலாம், கேட்பாரில்லை. அவரோ கிடைத்தவற்றைச் சேர்த்து, ஆழம் குறித்து, 1884இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் அறிக்கையாக எழுதினார். தொழிலால் தொல்லியலாளர் அல்லர் அவர். வாய்க்கால்காரர்.

1990களில் ஜெர்மன் ஆய்வாளர்கள் இலங்கைத் தொல்பொருள் திணைக்களத்தாருடன் திஸ்ஸமகாராமையில் அகழ்ந்தார்கள். அங்கு கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்கலத் துண்டொன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருப்பதாக 2010இல் ஐராவதம் மகாதேவன் எழுதினார். 'திரளி முறி' என்பது அவரது வாசிப்பு. வாசிப்பிலும் பொருளிலும் அறிஞர்கள் முரண்பட்டார்கள், அது நல்லதே. அதற்கு முன்னரே, 1999இல், ஒஸ்மண்ட் போபேஆராச்சியும் ராஜா விக்கிரமசிங்கவும் அதே ஊரின் அக்குறுகொடைப் பகுதியில் கிடைத்த, தமிழ்ப் பெயர்கள் பொறித்த நாணயங்களை வெளியிட்டிருந்தார்கள். உறுகுணையின் நடுவே தமிழ் எழுத்து! இதைக் கேட்டு எம்மவர் சிலர் துள்ளியதும் தெற்கில் சிலர் முகம் சுளித்ததும் ஒரே நோயின் இரு குறிகள் என்றே நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. தென்கரையில் பூந்தலை, பத்திராஜவெலப் பகுதிகளில் சரளையோடும் பழைய மணலோடும் கற்கருவிகள் கிடைத்தன. அவற்றின் காலத்தைச் சுமார் 1,25,000 வருடங்களுக்கு முந்தியதாகக் கணித்தவர் சிரான் தெரணியகல. அந்த மண்படிவுக்குப் புவியியலாளர் வழங்கும் பெயர் 'இரணைமடுப் படிவு'. இலங்கையின் ஆதி மனிதன் நடந்த தெற்கு மண்ணுக்கு எங்கள் குளத்தின் பெயர். 1902இல் தொடங்கி இருபதாண்டுகள் வரை நீடித்த இரணைமடுக் கட்டுமானத்தில் மண் சுமந்த கூலிகள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் ஹோஹோகம் எனப்படும் மக்கள் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தார்கள், கி.பி. 1450 அளவில் அந்த வாழ்வு சிதைந்தது. கொலராடோ ஆற்று நீரைப் பாலைக்குள் கொண்டுவரும் பெருங்கால்வாயை அரசாங்கம் வெட்டியபோது, அதன் சால்ட்-கிலாப் பகுதியில் 1980களின் தொடக்கத்தில் தொல்லியலாளர் முன்னே போனார்கள், இயந்திரம் பின்னே வந்தது. தோண்டப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாமே என்று ஓதம் பழங்குடியினர் சொல்கிறார்கள். மூதாதையரின் எலும்புகளையும் புதைபொருட்களையும் உரிய குடிகளிடம் திருப்பிக் கொடுக்க 1990இல் சட்டம் வந்தது. அதற்கு முன் எத்தனை எலும்புகள் அருங்காட்சியகங்களுக்குப் போயினவோ!

எங்களிடமும் சட்டம் உண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1998இன் திருத்தம், பெரிய திட்டங்களுக்கு முன் தொல்லியல் தாக்க மதிப்பீடு வேண்டுமென்ற 2000ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி. எழுத்தளவில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் கிழக்கின் தொல்லியல் மரபுரிமைக்கென 2020இல் சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. அம்மாகாணத்தில் பெரும்பான்மையோர் இவ்விரு சாராருமே. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் 2021 ஜனவரியில் அகழ்வு தொடங்கியது. ஆதி ஐயனார் வழிபாடும் சுற்றியுள்ள வயல்காணிகளும் தொடர்பான பிணக்கு நீதிமன்றம் வரை போனது. இதையெல்லாம் பத்திரிகையில் படித்துக்கொண்டிருக்கும் விவசாயிக்கு, ஓட்டுத் துண்டு ஒரு தகவலாகத் தெரியுமா, காணிப் பறிப்பின் முதல் அறிவித்தலாகத் தெரியுமா?

குருந்தூரில் பௌத்த எச்சங்கள் இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. தமிழர் பௌத்தராக இருந்த காலமொன்று உண்டு என்பதைத் தமிழ் படித்த எவரும் மறுக்க முடியாது. ஆனால் கிடைத்ததை வைத்து, இன்று அந்த நிலத்தில் வாழ்பவனை வெளியேற்ற வேண்டுமென்று எந்த அகழாய்வு விதி சொல்கிறது? பார்க்கரின் வாய்க்கால் திஸ்ஸமகாராமை வயல்காரனுக்குத் தண்ணீரும் கொடுத்தது, அறிக்கையும் கொடுத்தது. யாரையும் எழுப்பவில்லை.

அன்று நண்பர் அந்த ஓட்டைக் கரைமண்ணுக்குள் அழுத்தி, மேலே மண்வெட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். நான் படம் எடுக்கவில்லை, ஆழம் குறிக்கவில்லை. யாருக்கும் அறிவிக்கவுமில்லை, சட்டப்படி அதுவும் குற்றந்தான். காலபோகத்துக்குத் தண்ணீர் திறந்தபோது மறுபடி போனேன். வாய்க்கால் நிறைய ஓடியது. எந்த வளைவென்று எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது. நண்பரும் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு பசளை விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.